கீரிக்குட்டி ஓடிவரும் காட்சி

ஸ்டுடியோவில் அவளை நடைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர்தான், ஆனாலும் அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. அனிமேஷன் படத்தில் வருவது மனிதனோ மிருகமோ, முதலில் நடை வரட்டும், மூஞ்சி தானாக வந்துவிடும் என்பது அவள் கட்சி. "ஆயிரம் பேர் வரட்டும், முகத்தை மூடிக்கிட்டு வரட்டும், நடையை வச்சே ஆளைச் சொல்லிடுவேன்" என்று சவடால் விடுவாள். சொல்லியும் காட்டியிருக்கிறாள். மழை நாளில் மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, கீழே குடைக்குள் போகிறவர்களை இன்னார் இன்னார் என்று வரிசையாகச் சொல்லி, பந்தயத்தில் ஸ்டுடியோவில் எல்லாரிடமும் டீ வாங்கிக் குடித்தவள். அந்தச் சவடால்தான் பின்னால் அவளைக் குப்புறத் தள்ளியது.

அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கிற மாதிரி ஒரு படம். பிழைப்புக்காக வேறு தேசம் போகிற கீரிக் குடும்பத்தின் கதை. முதலில் எழுதியபோது அப்பா கீரி, அம்மா கீரி, குட்டிக் கீரி மூன்றும் ஒன்றாகத்தான் கப்பலேறின. இவள் சும்மா இராமல் ஒருநாள் டீ நேரத்தில் தன் கதையைச் சொல்லித் தொலைத்தாள். புருஷன் பஸ் ஓட்டும் வேலை கிடைத்து முதலில் வந்தது, பிறகு இவள் வந்தது, நாலு வயது மகளின் விசா பேப்பர் மட்டும் எங்கேயோ ஒரு மேஜையில் சிக்கிக்கொண்டதால் அவளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தது, ஆறே மாதம் என்று சொன்னவர்கள் இரண்டரை வருஷமாக இழுத்தடிப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். இயக்குநர் கோப்பையைக் கீழே வைத்தார். அந்த இடத்திலேயே பேனாவை எடுத்துக் குட்டிக் கீரியைக் கப்பலிலிருந்து இறக்கிப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டார். படைப்பாளிகளுக்குக் கண்ணில் தண்ணீரும் வரும், கையில் பேனாவும் ஓடும். என்ன செய்வது, பிறவிக் குணம்.

அன்றிலிருந்து குட்டிக் கீரி அவள் பொறுப்பு. அவளிடம் மகள் ஓடிவருகிற வீடியோ ஒன்று இருந்தது. பதினோரு நொடி. பழைய வீட்டுக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து குழந்தை ஓடிவரும். இடது பாதம் கொஞ்சம் உள்ளே மடங்கும், வலது கை மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளும், நாலு அடிக்கு ஒரு தரம் சின்னதாக ஒரு குதி குதிக்கும். ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம் என்று அந்த ஓட்டத்தைப் பிரித்துப் பிரித்து வரைந்தாள். குட்டிக் கீரி அப்படியே அவள் மகளாக ஓடியது. போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர், "குட்டி நொண்டுதே" என்று சொல்லப்போக, இவளுக்கு வந்ததே கோபம்! "அது நொண்டல் இல்ல சார், அதுதான் அவ நடை. அதை மாத்தணும்னா முதல்ல என்னை மாத்துங்க" என்று எகிறிவிட்டாள். இயக்குநர் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணினார்.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எதை வரைந்து காட்டினாலும் "இன்னொரு தரம்" என்பார். அதனால் இன்னொருதரம். கடைசிக் காட்சியில் குட்டி வந்து இறங்கி அம்மாவிடம் ஓடிவர வேண்டும். அதை மட்டும் இவள் ஏழு தரம் வரைந்தாள், ஏழு தரமும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஓட்டம் சரியாத்தான் இருக்கு. ஆனா அம்மாகிட்ட வந்து சேர்ற இடம் பொய்யா இருக்கும்மா."

"இருக்காதா பின்னே? நானே இன்னும் அதைப் பாக்கலையே. என் பொண்ணு வரட்டும், அவ ஓடி வர்றதைப் பாத்துட்டு வரைஞ்சு தர்றேன்."

பேப்பர் வந்தது. புருஷன் விடுப்பு எடுத்துக்கொண்டு குழந்தையை அழைத்துவரப் போனான். அந்த ஒரு வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போட்டாள், சுவரோரம் போட்டாள், மறுபடி ஜன்னலோரம் இழுத்தாள். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "வீட்டுல ஏதாவது தொழிற்சாலை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு ஒரு நாளில் ஆறு போன். "அளவு சரியா இருக்குமா அந்தச் சட்டை?" "பல் விழுந்துச்சே, முளைச்சுதா?" இரண்டரை வருஷமாகத் தினமும் போனில் முகம் பார்த்தவள்தான். ஆனால் போனில் தெரிவது முகமும், முகத்துக்குப் பின்னால் சுற்றுகிற மின்விசிறியும் மட்டும்தானே. கழுத்துக்குக் கீழே தன் மகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்பது பெற்றவளுக்கே தெரியாது. அது தெரியாது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றாள். பயணிகள் வெளியே வருகிற கண்ணாடிக் கதவுக்கு எதிரே, கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் இடம். போனைக் கையில் எடுத்து, வீடியோவை ஓடவிட்டு, கதவைப் பார்த்துக் குழந்தை உயரத்துக்குத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டாள். அந்த ஓட்டத்தை ஒரு படம் விடாமல் பிடித்துவிட வேண்டும். கதவு திறந்தது, மூடியது. பூட்ஸ் கால், செருப்புக் கால், தள்ளுவண்டிச் சக்கரம், தூக்கக் கலக்கத்தில் இழுபடும் கால். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கால்களாகவே பார்த்தாள். உள்ளே மடங்கும் இடது பாதத்தைக் காணோம்.

அந்த நேரம் பார்த்து, தொளதொளவென்று கோட்டும் தலையில் முக்காடுமாக ஒரு பிள்ளை மெதுவாக நடந்துவந்து, சரியாக அவளுக்கு முன்னால் மூன்றடியில் நின்றது. கேமராவை மறைத்துக்கொண்டு நின்றது. அவள் கண் கதவைவிட்டு நகரவில்லை. இடது கையை மட்டும் நீட்டி, தள்ளு, தள்ளு, என்று விசிறினாள். அந்தப் பிள்ளை சொன்னபடி கேட்டு ஓரமாகத் தூண் பக்கம் போய் நின்றுகொண்டது.

இரண்டு நிமிஷம் கழித்துப் புருஷன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தான். வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பாப்பா எங்கே?"

"என்னைக் கேட்டா? உன்கூடத்தானே வரணும்!"

"பெட்டிக்குக் கையெழுத்துப் போடுறதுக்குள்ள, கண்ணாடி வழியா உன்னைப் பாத்துட்டுக் கையை உதறிக்கிட்டு முன்னாடியே வந்துட்டாளே. நில்லு நில்லுன்னு கத்தினேன், கேட்டாத்தானே!"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பினாள். தூணோரம் அந்தக் கோட்டு நின்றது. முக்காடு பின்னால் சரிந்திருந்தது. ஒட்ட வெட்டிய தலைமுடி, தினமும் போனில் பார்த்த அதே முகம். அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், அழுதாள், முத்தம் கொடுத்தாள். எல்லாம் செய்தாள். கொடுத்த முத்தத்தை வாங்கிக்கொண்டு குழந்தை சிவனே என்று நின்றது.

"வழியில குளிருதுன்னு கோட்டு வாங்கினேன், ரெண்டு அளவு பெரிசு. நீ கண்டுபிடிக்கலைன்னாலும் குத்தமில்ல" என்று புருஷன் சிரித்தான். "அதுவும் நடையைப் பாரேன், அப்படியே உங்க அக்கா!"

பார்த்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குதிகாலை அழுத்தி ஊன்றி, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மாதிரி நடந்தது குழந்தை. குதியும் இல்லை, படபடப்பும் இல்லை. இடது பாதம் ஆணியடித்த மாதிரி நேராக விழுந்தது.

கையை விசிறியதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை. குழந்தை அதைக் கவனித்திருக்காது, யாரோ என்று நினைத்திருக்கும், பயணக் களைப்பு வேறு, என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டாள். ஆனால் போனில், விமான நிலையத்தில் எடுத்த அந்த வீடியோ இருந்தது. அழிக்கவும் மனசில்லை, பார்க்கவும் தைரியமில்லை. மூன்றாம் நாள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்தாள். தொழில் புத்தி போகுமா? ஒவ்வொரு படமாக நகர்த்தித்தான் பார்த்தாள். கோட்டு வந்து நிற்கிறது. முக்காட்டுக்குள்ளிருந்து முகம் நிமிர்கிறது. சிரிப்பு. முன்பல் இரண்டும் இப்போதுதான் பாதி முளைத்திருக்கின்றன. பத்தொன்பதாவது படம் வரைக்கும் பல் தெரிகிறது. இருபதாவதில் அவள் கை உள்ளே வருகிறது. இருபத்தாறாவதில் பல் இல்லை.

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நான் எல்லாம் ஒரு தாயா, என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

குழந்தையிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. போட்டதைத் தின்றது. தன் துணியைத் தானே மடித்தது. "தண்ணி எடுத்துக்கலாமா?" "ஜன்னலைத் திறக்கலாமா?" என்று எதற்கும் அனுமதி கேட்டது. அப்பாவிடம் கதை கதையாகப் பேசியது, பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து வந்தது. அவளை மட்டும் அம்மா என்று ஒரு தரம் கூடக் கூப்பிடவில்லை. வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு குறுகலான நடை. அவள் தட்டோடு எதிரே வந்தால் போதும், குழந்தை சட்டென்று சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு வழிவிட்டு நிற்கும். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை, ஒவ்வொரு தரமும்.

"உங்க அக்கா என்னமா வளர்த்திருக்காங்க பாரு, எவ்வளவு மரியாதை!" என்று புருஷன் மெச்சிக்கொண்டான். மனுஷன் பஸ்ஸைத் தவிர வேறெதையும் கவனித்துப் பார்த்ததில்லை. அவளுக்கு நெருப்பை மிதித்தது போல இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டாள். "பாப்பா உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"எதைப் பத்தி?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"புது இடம் இல்லையா, பழகிடும்டி. நீ ஏன் இப்படித் தவிக்கிறே?"

மூன்று தரம் குழந்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், சொல்லிவிட வேண்டும் என்று. மூன்று தரமும் வாய் திறந்தது, "பசிக்குதா?" என்றுதான் வந்தது. குழந்தை மூன்று தரமும், "இல்லை" என்றது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க இன்னும் நாலு நாள் இருந்தது. பத்தாம் நாள் புருஷனுக்குக் காலை முறை வேலை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேறு வழியின்றிக் குழந்தையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துத் தாளும் பென்சிலும் கொடுத்தாள். திரையில் எட்டாம் தரம் வரைந்த கடைசிக் காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. குட்டிக் கீரி ஓடிவரும், குதிக்கும், அம்மா மேல் விழும். மறுபடி முதலிலிருந்து ஓடிவரும்.

குழந்தை வெகுநேரம் அதையே பார்த்தது. "இந்தக் குட்டி யாரு?"

"நீதான்."

குழந்தை திரையைப் பார்த்தது, தன் காலைப் பார்த்தது.

அப்போதுதான் இன்னொருதரம் வந்து சேர்ந்தார். திரையைப் பார்த்து வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினார். பிறகு குழந்தையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, குட்டியே வந்திருக்கே! அப்புறம் என்ன கவலை? ரெண்டு பேரும் உள்ள வாங்க, நடிச்சுக் காட்டுங்க. எடுத்து வச்சுக்கலாம்."

வரைகிறவர்கள் ஒரு அசைவு பிடிபடாவிட்டால் தாங்களே நடித்து, அதைப் படமெடுத்து, பார்த்து வரைவார்கள். அதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. ஒரு பக்கம் நிலைக்கண்ணாடி, ஒரு பக்கம் முக்காலியில் கேமரா, தரையில் நிற்க வேண்டிய இடத்தில் ஒட்டுநாடாவால் ஒரு பெருக்கல் குறி. இந்த அறையில் அவள் குரங்காகத் தாவியிருக்கிறாள், கிழட்டு ஆமையாகத் தவழ்ந்திருக்கிறாள், கூச்சம் என்பதே தெரியாது. இன்றைக்கு வாசற்படியிலேயே கால் கூசியது.

"வேண்டாம் சார். அவளுக்கு இது புதுசு."

"ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கப் போறா. இதுல புதுசு என்ன இருக்கு?" என்றார் அவர். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அவளைப் பெருக்கல் குறியில் நிறுத்தினார். குழந்தையை எதிர்ச் சுவரோரம் நிறுத்தினார். "கண்ணு, நீ இப்பதான் வந்து இறங்கியிருக்கே. அதோ உங்க அம்மா. என்ன செய்வியோ அதைச் செய். சரியா?"

குழந்தை தலையாட்டியது. கைகளைப் பின்னால் கட்டியது. குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்து வந்தது. அம்மாவுக்கு மூன்றடி முன்னால் நின்றது. நிமிர்ந்து பார்த்துப் பல் தெரியச் சிரித்தது. பிறகு, யாரும் ஒன்றும் சொல்லாமலே, சிரிப்பை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"ஏன் கண்ணு அங்க போயிட்டே?" என்றார் இன்னொருதரம்.

"கையை ஆட்டுவாங்க. தள்ளிக்கணும்."

"யாரு ஆட்டுவாங்க?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அவள் அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளாகச் சொல்ல முடியாமல் கிடந்தது இயக்குநர் முன்னாலேயே வெளியே வந்தது.

"நான்தான் சார் ஆட்டினேன். ரெண்டரை வருஷம் கழிச்சு வந்த பிள்ளை கண்ணெதிர்ல வந்து நின்னு சிரிக்குது, நான் யாரோன்னு நினைச்சு ஓரமாப் போன்னு விரட்டினேன்." குழந்தை பக்கம் திரும்பினாள். "உன்னை எனக்குத் தெரியலடி கண்ணு. நான் உன் முகத்தைப் பாக்கவே இல்ல. காலைப் பாத்துக்கிட்டு நின்னேன். என் தப்பு. முழுக்க என் தப்பு."

"பெரியம்மா சொன்னாங்க" என்றது குழந்தை. குரல் சன்னமாக இருந்தாலும் சொல் சொல்லாகத் தெளிவாக வந்தது. "ஆயிரம் பேர் வந்தாலும் அம்மா உன்னைக் கண்டுபிடிச்சிடுவான்னு. முகத்தை மூடிக்கிட்டுப் போனாலும் கண்டுபிடிச்சிடுவான்னு. அதனாலதான் நான் முக்காடு போட்டுக்கிட்டு வந்தேன்."

"அது வெறும் சவடால்டா. உங்க அம்மாவுக்கு வாய் நீளம்."

"இந்தக் குட்டி மாதிரி ஓடி வருவேன்னு பாத்தியா?"

"ஆமா."

"நாலு வயசுலதான் அப்படி ஓடுவேன். இப்ப எனக்கு ஆறரை."

"தெரியும். இப்பதான் தெரியும்." அவள் எழுந்தாள். ஒரே பாய்ச்சலில் போய் வாரி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கால் முன்னால் வைத்துவிட்டாள்.

"நீ வராதே" என்றது குழந்தை. "அங்கேயே நில்லு. நான்தான் வரணும். நீ பாக்கணும்."

அவள் பெருக்கல் குறிக்குப் பின்வாங்கினாள். குழந்தை எதிர்ச் சுவருக்குப் போய், முதலிலிருந்து ஆரம்பித்தது. கை மறுபடி எதையாவது செய்துவிடுமோ என்ற பயத்தில் அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓடுவது, நடப்பது, கொட்டாவி விடுவது, எதைப் பார்த்தாலும் மனசுக்குள் இத்தனை படம் என்று எண்ணிக்கொண்டே பார்ப்பது அவள் வழக்கம். இந்தத் தடவை எண்ணவில்லை. கால் எப்படி விழுகிறது என்று பார்க்கவில்லை. முகத்தையே பார்த்தாள். வலது புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பு இருந்தது, போனில் ஒருநாளும் தெரியாதது. எப்போது விழுந்தாள், யார் மருந்து போட்டார்கள், எதுவும் அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தை மூன்றடியில் நின்றது. பிறகு இரண்டடியில் நின்றது. பிறகு அவள் வயிற்றில் நெற்றி முட்டுகிற தூரத்துக்கு வந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுடி."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருதரம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஸ்டுடியோ தொடங்கிய நாளிலிருந்து அதுவே முதல் தடவையாக இருக்கும்.

குழந்தை தலையைச் சாய்த்துப் பார்த்தது. "கையை ஏன் பின்னாடி கட்டிக்கிட்டே?"

"பயமா இருக்கு. மறுபடி தப்பா ஆட்டிடுமோன்னு."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. இறுகிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடது கையை, விசிறிய அதே கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தது. அதைத் தூக்கித் தன் தலைமேல் தானே வைத்துக்கொண்டது.

"இங்க வச்சுக்கோம்மா" என்றது.